பிறர் வேலையில் கை வைக்காதவர்

அவரை நான் முதன்முதலாகக் கண்டபோது அவர் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தார்.

கருங்கல் சந்தையைத் தாண்டிப் புதுக்கடைச் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால், ரப்பர் மரங்களுக்கிடையே ஓர் ஓட்டு வீடு. அதன் முன்னறைக் கட்டிலில் அமர்ந்து அவருடைய தந்தையார் தம் சட்டைக்குப் பித்தான் இட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பக்கவாதம் வலப்புறத்தைச் செயலறச் செய்தபின், எல்லாவற்றையும் இடக்கையால் செய்யவேண்டிய நிலை. பித்தான் துளைக்குள் பாதி நுழையும், பிறகு நழுவிவிடும். மகள் ஓரடி தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவவும் இல்லை, நகரவும் இல்லை.

"ஏட்டி, அதை ஒண்ணு மாட்டிக் குடுத்தா ஒனக்க வளையா தேஞ்சுபோவும்? விடிய வெளுக்கத் தொடங்குன மனுசன். காப்பி ஆறிப் பச்சத் தண்ணியாச்சு" என்று உள்ளிருந்து தாயாரின் குரல் வந்தது.

"அவரே மாட்டுவாரும்மா."

"மாட்டுவாரு, நாளைக்கி மாட்டுவாரு. இவ நெஞ்ச மயிலாடிக் கல்லுல கொத்தித்தான் எடுத்திருக்கணும். நான் பெத்ததா இருக்காது."

தந்தையார் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்து, மனைவி இருந்த பக்கம் திரும்பி, "நீ சும்மா கெட பிள்ள. இன்னும் ஒண்ணுதான் உண்டு" என்றார். அந்த ஒன்றும் துளையேறும் வரை வாசற்படியில் நின்ற என்னை எவரும் கவனிக்கவில்லை.

நான் அங்கே சென்ற காரணத்தைச் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே தமிழ் கற்றவன். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தபோது, கணினி வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்குத் தமிழ் திருத்த ஆள் தேவைப்படுவதாக உறவினர் ஒருவர் கூறினார். நான் ஏதோ திருமண மலராக இருக்கும் என்று எண்ணிச் சென்றேன்.

அவர் பகலில் ஒரு நிறுவனத்திற்காக வீட்டிலிருந்தே பணியாற்றினார், அது சோற்றுக்கு. மாலையில் அவர் செய்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளையும் படங்களையும் பிறர் காணாதபடி பூட்டித்தரும் ஒரு மென்பொருள். பல நாடுகளில் இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, கூடி அதைச் செய்து இலவசமாகக் கொடுத்துவந்தனர். பூட்டின் உட்பகுதி முழுவதையும் எவரும் படித்துப் பார்க்கலாம் என்பது அவர்கள் கொள்கை. பூட்டைத் திறந்து காட்டிவிட்டால் திருடனுக்கு வசதியாகாதா என்று நான் கேட்டேன். "ஒளிச்சு வச்சா அதுல உள்ள ஓட்டை திருடனுக்கு மட்டும்தான் தெரியும் மாமா. தொறந்து வச்சா நமக்கும் தெரியும்" என்றார். அது எனக்கு விளங்கப் பல நாள் ஆயிற்று.

அந்தக் குழுவில் அவர் பொறுப்பு, புதிதாக வந்து சேர்வோரை வரவேற்பது. அவர்களுக்கென்றே பல பக்கங்கள் எழுதி வைத்திருந்தார். மென்பொருளின் நகலை எப்படி எடுப்பது, எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது, ஐயம் வந்தால் எவரிடம் கேட்பது என்பன அவற்றில் இருந்தன. "உங்கள் நகலில் நீங்கள் எதை உடைத்தாலும் ஒருவருக்கும் கேடில்லை, அஞ்சாமல் உடையுங்கள்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். ஆபத்தான ஓட்டை எதையேனும் கண்டால் எல்லோரும் எழுதிக்கொள்ளும் பொது அறையில் பேசாமல் தனி வழியில் தெரிவிக்கவேண்டும் என்று தடித்த எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. இவை எல்லாம் தமிழிலும் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆங்கிலத்துக்கு அஞ்சியே நம் பக்கத்துப் பிள்ளைகள் இத்தகைய குழுக்களின் வாசலிலிருந்து திரும்பிவிடுகிறார்கள் என்பார்.

நான் திருத்தினேன். "மென்பொருளைக் கணினியில் நிறுவுக" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "மாமா, இதைப் பாத்தா கம்ப்யூட்டருக்குள்ள சிலை வைக்கப் போற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். ஆனால் அதைத் தாமே மாற்றவில்லை. எனக்கு வேறு சொல் தோன்றும் வரை பேசாமல் காத்திருந்தார். திரையில் ஓர் எழுத்தைத் தேடி நான் விசைப்பலகையைத் துழாவும்போதும் அவ்வாறே. அவர் கை நீண்டதே இல்லை. தொடக்கத்தில் அது எனக்குப் பெரும் மரியாதையாகத் தோன்றியது. சில வேளைகளில், உதவி வேண்டி நிமிர்ந்து பார்த்து அந்த அமைதியான முகத்தைக் கண்டபோது, சற்று எரிச்சலாகவும் இருந்தது.

அந்தக் குழுவிலும் இதையே அவர் முறையாக்கி வைத்திருந்தார். மென்பொருளில் தென்படும் சின்னஞ்சிறு குறைகளை, தேர்ந்தவர்கள் அரை மணியில் சரிசெய்துவிடக்கூடியவற்றை, வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டுவைப்பார்கள். அவற்றுக்கு "முதல் வேலை" என்று பெயர். புதிதாக வருபவர் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறித் தாமே முடிக்கவேண்டும். இப்படி விட்டுவைப்பது அத்தகைய குழுக்களில் பொதுவான வழக்கம் என்றார். ஆனால் எடுத்துக்கொண்டவர் முடிக்கும் வரை வேறொருவர் அதைத் தொடவே கூடாது என்பது இவர் சேர்த்த விதி. புதியவர் பக்கங்களில் அது முதல் விதியாகவே இருந்தது.

அதன் காரணத்தை ஒருமுறை சொன்னார். படித்து முடித்த புதிதில் வேறொரு குழுவில் இப்படி ஒரு சிறு வேலையை எடுத்து, ஒரு வாரம் இரவு பகலாக மல்லாடி, ஏறத்தாழ முடித்துவிட்டாராம். ஒருநாள் காலை திறந்து பார்த்தால், மூத்தவர் ஒருவர் சில நிமிடங்களில் அதைச் செய்து, முடிந்ததென்று குறித்து மூடிவிட்டிருந்தார். "நல்லது நெனச்சுத்தான் செஞ்சாரு. ஆனா ஒரு வருசம் அந்தப் பக்கமே நான் போகல்ல மாமா. நீ இல்லேன்னாலும் நடக்கும்னு சொன்ன மாதிரி இருந்துது." அப்போது அவர் தாயார் கப்பைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, "அதுக்கு இப்ப நாங்க அனுபவிக்கோம்" என்றார்.

இனி நான் சொல்லவேண்டியது எளிதன்று.

ஒருவர் எழுதியிருந்தார்: இந்த மென்பொருளில் ஒரு செய்தியை அழித்தபின்னும், அதோடு வந்த படத்தின் சிறிய நகல் ஒன்று கைபேசியின் ஒரு மூலையில் தங்கிவிடுகிறது, இப்படிச் சேர்ந்து சேர்ந்து இடத்தை அடைக்கிறது. குறைசொன்னவர் இடம் போதாமையைப் பற்றியே எழுதியிருந்ததால், குழுவினரும் அதைக் குப்பை கூட்டும் வேலையாகவே கருதினர். அவர்கள் அனைவரும் பூட்டுகளை நன்கறிந்தவர்கள். திருடன் கண்ணால் பார்க்கப் பழகியவர்கள். அன்று ஏனோ வீட்டுக்காரன் கண்ணால் பார்த்தார்கள். அது "முதல் வேலை" வரிசையில் வைக்கப்பட்டது.

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். வளைகுடா நாட்டில் ஒரு கப்பல் பட்டறையின் அலுவலகத்தில் இருந்தவர். தமிழ்ப் பக்கங்களைப் படித்துவிட்டு வந்த முதல் ஆள் அவர்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் பெருமை இருந்தது. விடுமுறை நாள்களில் அழைப்பார். குரலை நானும் கேட்பேன்.

"எக்கா, ஒரு எடத்துல வந்து மொடங்குது. இந்த வாரம் முடிச்சிருவேன்."

"மெதுவாச் செய்யுங்க. அது உங்களுக்குள்ளது. யாரும் தொடமாட்டாங்க."

பட்டறையில் வேலை கூடியது. பிறகு காய்ச்சல் கண்டது. பிறகு காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. வாரங்கள் சென்றன. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், இதை நான் முடித்துவிடட்டுமா என்று இருமுறை கேட்டதாகவும், தாம் மறுத்துவிட்டதாகவும் இவரே என்னிடம் சொன்னார். "அவசரம் ஒண்ணும் இல்லையே மாமா. வெறும் இடந்தானே அடைக்கு." என் கண்முன் அந்தத் தந்தையாரின் பித்தான் வந்துநின்றது.  அதைச் சொல்லும் அறிவு எனக்கில்லை.

ஒருநாள் பிற்பகல் சென்றபோது, அவர் திரையைப் பார்த்தபடி அசையாது இருந்தார். வேறு மாநிலத்திலிருந்து ஒரு பெண் குழுவுக்குத் தனி வழியில் எழுதியிருந்தாள். அவளுடைய அக்கா, அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பி வேறோர் ஊரில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறாள். தான் நலம் என்று காட்டுவதற்காகத் தங்கியிருந்த வீட்டின் படத்தை இந்த மென்பொருளின் வழியே தங்கைக்கு அனுப்பினாள். தங்கை பார்த்தவுடன் அதை அழித்துவிட்டாள். பின்னர் அந்தக் கணவன் வந்து தங்கையின் கைபேசியைப் பறித்துச் சென்றான். அழித்த படத்தின் சிறு நகல் அதில் இருந்தது. அதில் வீட்டை ஒட்டிய கடையின் பெயர்ப்பலகையும் தெரிந்தது. அவன் அங்கே சென்றான். அந்த அக்கா இப்போது உயிருடன் இல்லை.

என்னிடம் இதைச் சொல்லி முடித்ததும், அவர் விசைப்பலகையை அருகில் இழுத்தார். தாயார் காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆறுவதற்கு முன்னரே அந்தக் குறை சரியாகிவிட்டது. அவ்வளவு சிறிய வேலை அது. எல்லோரும் உடனே புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கையும் அன்றே வெளியாயிற்று. காரணம் மட்டும் அதில் விரித்துச் சொல்லப்படவில்லை.

மறுநாள் காலை கைபேசி ஒலித்தபோது நான் அங்கிருந்தேன்.

"எக்கா, ராத்திரி முச்சூடும் இருந்து முடிச்சு அனுப்பிட்டுப் பாக்கேன், நீங்க அதை மூடிப் போட்டிருக்கிய. என்ன எக்கா இது?"

"நான்தான் செஞ்சேன்."

"அடுத்த ஆளு எடுத்ததத் தொடமாட்டோம்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கிய?"

"எழுதியிருக்கேன்."

"பொறவு? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"அவசரமாப் போச்சு."

"என்ன அவசரம்? போன்ல எடம் அடைக்கதுக்கு என்ன எக்கா அவசரம்?"

 இவர், "நீங்க செஞ்சத வாசிச்சேன். என்னோடத விட நல்லா இருக்கு" என்றார். மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே மகளே என்றேன். "போன்ல சொல்லுத காரியமா மாமா? அங்க ஒரு ரூம்ல ஒத்தைக்குக் கெடக்காரு. கேட்ட பொறவு பக்கத்துல யாரு இருப்பா? அடுத்த மாசம் லீவுல வருவாரு. வீட்டுல ஆளு இருக்கச்சில நேருல போய்ச் சொல்லணும்" என்றார்.

நடந்தவற்றை மறைக்காமல் அறிக்கையாக எழுதி எல்லோரும் படிக்க வைப்பதும் அத்தகைய குழுக்களின் வழக்கமே. எவர் எப்போது எதை எடுத்தார் என்பதை அங்கே எவரும் பார்க்கலாம். அறிக்கை வந்துவிட்டால் அந்த மனிதர் தாமே கூட்டிக் கழித்து எல்லாவற்றையும் அறிந்துகொள்வார். ஆகவே அவர் ஊர் திரும்பும் வரை அறிக்கையை நிறுத்திவைக்குமாறு இவர் குழுவினரிடம் மன்றாடிப் பெற்றார். அந்த நாள்களில் கடற்கரை நண்பர் பொது அறையில் மனம் கசந்து எழுதினார். புதியவர்களுக்கு வரவேற்பு என்பதெல்லாம் வெறும் எழுத்து என்றும், உள்ளே வந்தால் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றும் எழுதினார். சிலர் அதை ஆமோதித்தனர். இவர் ஒரு மறுமொழியும் எழுதவில்லை. தம் ஒரே நற்பெயர் உரிந்து விழுவதை, பிறர் வீட்டுச் செய்தியைப் படிப்பவர்போல் படித்துக்கொண்டிருந்தார்.

இன்று அவர் அந்தக் குழுவில் இல்லை. தந்தையார் மறைந்தபின் தாயாரை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் பக்கம் சென்றுவிட்டார் என்று கேள்வி. கடற்கரை நண்பரும் அந்த வாசலுக்குத் திரும்பவில்லை. நாங்கள் திருத்திய தமிழ்ப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் அந்த முதல் விதி மட்டும் இல்லை. எடுத்தவர் குறித்த காலத்துக்குள் முடிக்காவிட்டால் வேறொருவர் முடித்துவிடலாம் என்று மாற்றப்பட்டிருக்கிறது. அது சரியான மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் படிக்கும்போது மட்டும் நெஞ்சு கனக்கிறது.

அந்த மாதம் கடற்கரை நண்பர் விடுமுறையில் வந்தபோது, அவர் வீட்டுக்கு இவரோடு நானும் சென்றிருந்தேன். தனியே போகவேண்டாம் என்று தாயார்தான் என்னைத் துணைக்கு அனுப்பினார். நண்பர் நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து, "வாருங்க" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அவர் மனைவியோ முகம் மலர்ந்து வரவேற்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"இதுதான் அந்த அக்காவா? அங்கேருந்து பேசுனா பாதிப் பேச்சு ஒங்களப் பத்தித்தான் அக்கா. இவரு அப்பங்கூட வள்ளத்துல போனா கரை மறையதுக்கு முன்ன வாந்தி எடுப்பாரு. அதான் கம்ப்யூட்டருக்குப் போனாரு. மீனு பொரிக்கேன், தின்னுட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றாள்.

இவர் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அமரச் சொல்லவும் அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. இவருக்கும் அமரத் தோன்றவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடித்து, "அறிக்கையில உங்க பேரு வராது. காத்திருக்கச் சொன்னது நான். அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

"எப்ப நடந்தது?"

எந்த வாரம் என்று சொன்னார்.

நண்பர் கடலைப் பார்த்தார். "அந்த வாரம் எனக்கு வேலையே இல்ல எக்கா. வெள்ளிக்கிழம முழுக்கப் படம் பாத்துட்டுக் கெடந்தேன்" என்றார்.

 உள்ளே எண்ணெயில் மீன் விழும் ஓசை கேட்டது.

"அதுக்கு முன்ன நான் முடிச்சிருந்தா அந்தப் பிள்ள போனுக்கு அது போய்ச் சேந்திருக்குமா?"

"தெரியாது."

"சேந்திருக்கலாம்லா?"

இவர் பொய் சொல்லியிருக்கலாம். நான் உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். "சேந்திருக்கலாம்" என்றார். உடனே, "ஆனா இது எனக்க மேல உள்ளது. உங்க மேல இல்ல" என்றார்.

"எம் பேர எடுக்காண்டாம் எக்கா. இருக்கட்டும். அது நான் எடுத்த வேல."

அவ்வளவு சொன்னவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஓசை வரவில்லை, பிறகு வந்தது. இவர் ஓரடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கண்களும் நிறைந்திருந்தன. ஆயினும் கை நீளவில்லை.

மனைவி ஓடிவந்தாள். என்னவென்று கேட்கவில்லை. மசாலா படிந்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கணவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, தோளில் கிடந்த துண்டால் அவர் முகத்தைக் குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தாள்.

"எக்கா, ஒரு மனுசன் கண்ணு முன்னால இருந்து இப்பிடி அழுகாரு. நீங்க பாத்துக்கிட்டா நிக்கிய?"

 உள்ளிருந்து மீன் கரியும் வாடை வந்தது. இவர் எவரையும் கேளாமல் அந்த வீட்டின் அடுக்களைக்குள் சென்றார். சட்டியை இறக்கிவைக்கும் ஓசை கேட்டது. அதன்பின் நெடுநேரம் அவர் வெளியே வரவில்லை.